வாஷிங்டன் நினைவுத் தூணில் 666 இருக்கிறதா? வீட்டிலிருந்தே சரிபார்க்கும் முறை

அமெரிக்கத் தலைநகரில் நிற்கும் வாஷிங்டன் நினைவுத் தூணைப் பற்றி இணையத்தில் சுற்றும் கதை பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வரும். உயரம் 6,666 அங்குலம். அடிப்பக்கம் 666 அங்குலம். மண்ணுக்கு மேலே 555 அடி, கீழே 111 அடி, கூட்டினால் 666 (பைபிளில் ‘மிருகத்தின் எண்’ என்று வருவது; சாத்தானின் எண் என்பார்கள்). அடிக்கல் நாட்டியவர்கள் ஃப்ரீமேசன்கள் (ரகசியச் சடங்குகள் கொண்ட ஒரு சகோதரத்துவ அமைப்பினர்; சுருக்கமாக மேசன்கள்). அதே நகரத்தின் தெருக்களில் சாத்தானின் ஐந்துமுனை நட்சத்திரம். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, “இதெல்லாம் தற்செயலா?” என்று ஒரு கேள்வியோடு காணொளி முடிந்துவிடும்.

இதைச் சோதிக்க வாஷிங்டன் போக வேண்டியதில்லை. கால்குலேட்டர், கூகுள் எர்த், ஒரு தாள், ஒரு மணி நேரம் போதும். முறையைப் பழகிவிட்டால் வேறு எந்த நினைவுச் சின்னத்தைப் பற்றி இப்படி ஒன்று வந்தாலும் இதே வரிசையில் பார்த்துவிடலாம்.

முதலில் கதையைத் துண்டு போடுங்கள்

காணொளியை நிறுத்தி நிறுத்தி, அது சொல்வதை ஒரு வரிக்கு ஒரு கூற்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன வகை என்று குறியுங்கள்: அளவு, வரைபடம், வரலாறு, மேற்கோள், அர்த்தம். முதல் நான்கு வகையும் சரியா தவறா என்று சொல்லக்கூடியவை. “இது சாத்தானைக் குறிக்கிறது” என்பது போன்ற அர்த்தக் கூற்றுகளை அடியில் தள்ளி வையுங்கள். அவை மேலே உள்ளவற்றின் மீது நிற்பவை.

இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். ஐந்தில் ஒன்று உண்மை என்று தெரிந்ததும் மற்ற நான்கும் உண்மை போலத் தோன்ற ஆரம்பிக்கும். இந்தக் கதையிலும் ஒன்று அசல் உண்மை. அது எது என்று பிறகு பார்ப்போம்.

அளவைச் சோதிப்பது

எந்த அளவு வந்தாலும் மூன்று கேள்விகள்: மூல அளவு எது, அலகு எப்படி மாற்றப்பட்டது, எங்கிருந்து எங்கே வரை அளந்தார்கள்.

தூண் 1884-இல் முடிந்தபோது பதிவான உயரம் 555 அடி 5⅛ அங்குலம். அடிப்பக்கத்தின் அகலம் 55 அடி 1½ அங்குலம். இவற்றை அங்குலமாக்குங்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம்.

உயரம்: 555 × 12 = 6,660; அதோடு 5.125 சேர்த்தால் 6,665.125 அங்குலம்.
அடிப்பக்கம்: 55 × 12 = 660; அதோடு 1.5 சேர்த்தால் 661.5 அங்குலம்.

6,666-உம் வரவில்லை, 666-உம் வரவில்லை. அடிப்பக்கத்தில் 4½ அங்குலம் உதைக்கிறது. அப்படியானால் கதையில் வரும் எண் எங்கிருந்து முளைத்தது? பிழையை மட்டும் காட்டினால் போதாது, பிழை பிறந்த இடத்தையும் காட்டினால்தான் எதிரில் இருப்பவர் கேட்பார். “555 அடி 5 அங்குலம்” என்பதை யாரோ 555.5 அடி என்று எழுதியிருக்கிறார்கள். 5 அங்குலம் என்பது 0.5 அடி அல்ல, 5.125-ஐ 12-ஆல் வகுத்தால் 0.427 அடி. 555.5-ஐ 12-ஆல் பெருக்கினால் கச்சிதமாக 6,666 வந்துவிடும். உயரம் அடிப்பக்கத்தைப் போல பத்து மடங்கு என்று எங்கும் எழுதியிருப்பதால், அதே 555.5-ஐப் பத்தால் வகுத்து 55.5 அடி என்று அடிப்பக்கத்தையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், 55.5 × 12 = 666. ஒரு தசமப் புள்ளியை இடம் தெரியாமல் வைத்ததில் இரண்டு எண்கள் கிடைத்துவிட்டன. உண்மையான விகிதம் 555.427 ÷ 55.125, அதாவது 10.08.

சிலர் அங்குலப் பகுதியைக் கழற்றிவிட்டு, “555 அடி என்றால் 6,660 அங்குலம், பார்த்தீர்களா?” என்பார்கள். 555 என்பது 5 × 111. அதை 12-ஆல் பெருக்கினால் 60 × 111. அது 666-இன் பத்து மடங்காகத்தான் இருக்க முடியும். 555 அடி உயரமுள்ள எந்த செல்போன் கோபுரத்துக்கும் இதே விடைதான்.

அடுத்தது தரை. 2015-இல் அமெரிக்க தேசியப் பூங்கா நிர்வாகமும் தேசிய நில அளவைத் துறையும் புதிய உயரத்தை வெளியிட்டன: 554 அடி 7 11⁄32 அங்குலம், அதாவது 169.046 மீட்டர். தூண் குட்டையாகிவிட்டதா? இல்லை. உலகின் உயரமான கட்டடங்களை ஒப்பிடும் இன்றைய விதிப்படி வாசல் முன்னே உள்ள தரையிலிருந்து அளந்தார்கள். 1884-இல் வைத்த தொடக்கப் புள்ளி வேறு. உச்சி முனையும் இடி விழுந்து விழுந்து உருகி, அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு மழுங்கியிருக்கிறது. “அளவை மாற்றி மறைத்துவிட்டார்கள்” என்று யாராவது சொன்னால் இந்தப் புதிய அளவையும் அங்குலமாக்கிக் காட்டுங்கள்: 6,655 சொச்சம். பழைய அளவையும் துறைகள் இன்றுவரை மறைக்கவில்லை. இரண்டும் பொதுவில் கிடைக்கின்றன.

மண்ணுக்குள் 111 அடி என்பதுதான் இருப்பதிலேயே சோப்ளாங்கியான கூற்று. 1848-இல் போட்ட கல் அஸ்திவாரம் 80 அடிச் சதுரம், 23 அடி 4 அங்குலம் தடிமன். முழு உயரத்தின் எடையை அது தாங்காது என்று தெரிந்து, 1879 முதல் பொறியாளர் தாமஸ் லிங்கன் கேசி அதன் அடியில் மண்ணைப் பகுதி பகுதியாகத் தோண்டி 13 அடி 6 அங்குலத் தடிமனில், 126½ அடிச் சதுரத்துக்கு கான்கிரீட் பலகை போட்டார். இரண்டையும் கூட்டினால் 36 அடி 10 அங்குலம். மொத்த அஸ்திவாரமே அவ்வளவுதான். 111 என்பது அளந்து வந்த எண் அல்ல, 666-இலிருந்து 555-ஐக் கழித்து வந்த எண். இப்படி “மீதி” போட்டு வரும் அளவுகளைக் கண்டால் உடனே சந்தேகப்படுங்கள்: ஆவணத்தில் தனியாக இல்லாத, கணக்கு நேராவதற்காக மட்டுமே இருக்கும் எண் அது.

எத்தனை எண்களிலிருந்து பொறுக்கினார்கள் என்று எண்ணுங்கள்

ஒரு கட்டடத்துக்கு சாதாரணமாகப் பத்து அளவுகள் எடுக்கலாம்: உயரம், அடிப்பக்கம், மேற்பக்கம், சுவர்த் தடிமன், அஸ்திவார ஆழம், படிகளின் எண்ணிக்கை இப்படி. ஒவ்வொன்றையும் அடி, அங்குலம், மீட்டர், முழம் என்று நான்கு விதமாக எழுதினால் 40 எண்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 780 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியையும் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம்: 3,120 விடைகள். இவற்றோடு பொருத்திப் பார்க்க வைத்திருக்கும் “மர்ம எண்” பட்டியலோ நீளமானது: 7, 9, 11, 13, 33, 111, 666, 777, பை, பொன் விகிதம். 3,120 விடைகளில் ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

செய்தே பார்க்கலாம். உங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல், கட்டில், மேசை எல்லாவற்றையும் டேப்பால் அளந்து இதே ஆட்டத்தை ஆடுங்கள். அரை மணியில் ஒரு 666 சிக்கும். வாஸ்துக்காரரிடம் சொல்லாதீர்கள்.

எண்ண முடிந்ததை எண்ணிவிடுங்கள்: லூவர் பிரமிடு

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து 1989-இல் திறந்த கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடிகள் என்ற கதை உங்களுக்கும் வந்திருக்கும். இதற்கு நல்ல தெளிவுள்ள ஒரு புகைப்படம் போதும், ஆனால் எண்ணும் முறை முக்கியம். ஒவ்வொரு கண்ணாடியாகத் தொட்டு எண்ணினால் நூறைத் தாண்டுவதற்குள் வரி மாறிவிடும். அதனால் வடிவத்தைப் பிடியுங்கள். வாசல் இல்லாத ஒரு முகத்தில் அடிவரிசையில் 18 முக்கோணங்கள். அதற்கு மேலே சாய்சதுரங்கள் 17, 16, 15 என்று குறைந்துகொண்டே போய் ஒன்றில் முடியும்: 17 × 18 ÷ 2 = 153. நான்கு முகங்களுக்கும் 612 சாய்சதுரம், 72 முக்கோணம். வாசலுக்காக ஒரு முகத்தில் 9 சாய்சதுரமும் 2 முக்கோணமும் குறைகின்றன. மீதி 603-உம் 70-உம், மொத்தம் 673.

இங்கே ஒரு பாடம் உண்டு. 666 என்ற எண்ணை யாரோ ஒரு சதிக் கதைக்காரர் இட்டுக்கட்டவில்லை. கட்டுமானக் காலத்தில் வெளியான அதிகாரப்பூர்வக் கையேட்டிலேயே அது அச்சாகியிருந்தது. அதே கையேட்டில் சில பக்கங்கள் முன்னால் 672 என்றும் இருந்தது. அதனால் “அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கிறது” என்பதை முடிவாக எடுக்காதீர்கள். எண்ணக்கூடிய பொருளை எண்ணிவிடுவதே மேல்.

நட்சத்திரத்தை வரைபடத்தில் பிடிப்பது

வாஷிங்டன் தெருக்களில் இருப்பதாகச் சொல்லப்படும் நட்சத்திரத்தின் ஐந்து முனைகள்: டுபான்ட் வட்டம், லோகன் வட்டம், வாஷிங்டன் வட்டம், மவுன்ட் வெர்னன் சதுக்கம், வெள்ளை மாளிகை. காணொளிகளில் தடித்த சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டின் அடியில் தெரு இருக்கிறதா என்று பார்க்க முடியாது. எனவே நீங்களே வரையுங்கள்.

1. கூகுள் எர்த்தில் ஐந்து இடங்களுக்கும் குறி வையுங்கள்.
2. அளவுகோல் கருவியால் ஐந்து கோடுகளையும் போடுங்கள். கோடு மெல்லியதாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் நீளத்தையும் தாளில் எழுதுங்கள்.
3. பெரிதாக்கி, ஒவ்வொரு கோட்டோடும் தெருவைத் தொடர்ந்து போங்கள்.

ரோட் ஐலண்ட் அவென்யூவில் கதை அறுந்துவிடும். லோகன் வட்டத்திலிருந்து தென்மேற்காக வரும் அந்தத் தெரு கனெக்டிகட் அவென்யூவில், புனித மத்தேயு பேராலயத்தின் அருகே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வாஷிங்டன் வட்டம் வரை இன்னும் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தத் துண்டில் கோட்டின் அடியில் வெறும் கட்டடங்கள்தான்.

நீளங்களையும் ஒப்பிடுங்கள். ஒழுங்கான நட்சத்திரத்தில் ஐந்து கோடுகளும் ஒரே நீளம். இங்கே வாஷிங்டன் வட்டத்துக்கும் மவுன்ட் வெர்னன் சதுக்கத்துக்கும் நடுவே உள்ள கே தெருக் கோடு சுமார் 2.3 கிலோமீட்டர், டுபான்டிலிருந்து வெள்ளை மாளிகைக்கு வரும் கோடு சுமார் 1.5 கிலோமீட்டர். சடங்குக்கு வரைந்தவர் இப்படி நசுங்கிய நட்சத்திரத்தை வரைந்திருக்க மாட்டார். 1791-இல் பியர் சார்ல் லான்ஃபான் போட்ட நகரத் திட்டம், கட்டம் கட்டமான தெருக்களின் மேல் மூலைவிட்டமாக அகலச் சாலைகளைப் போட்டு, அவை சந்திக்கும் இடங்களில் வட்டங்களையும் சதுக்கங்களையும் வைத்தது. அப்படிப்பட்ட நகரத்தில் எந்த ஐந்து வட்டங்களை வேண்டுமானாலும் இணைத்து ஏதோ ஒரு நட்சத்திரம் போடலாம்.

வரைபடத்தை மூடுமுன் தூணையும் பாருங்கள். வெள்ளை மாளிகைக்கு நேர் தெற்கும் நாடாளுமன்றத்துக்கு நேர் மேற்கும் வெட்டும் புள்ளியில் அது நிற்கவில்லை. அந்த இடத்து மண் பாரம் தாங்காது என்பதால் சுமார் 119 மீட்டர் கிழக்கு-தென்கிழக்காகத் தள்ளிக் கட்டினார்கள். முதலில் நினைத்த இடத்தில் ஜெஃபர்சன் பியர் என்ற சின்னக் கல் நிற்கிறது. “துல்லியமான நேர்கோட்டில் அமைந்த தூண்” என்று வந்தால் இந்தக் கல்லைத் தேடிக் காட்டுங்கள்.

யார், எப்போது முடிவெடுத்தார்கள்

உயரத்தில் ரகசியம் இருக்கிறது என்றால் அதைத் தீர்மானித்தவர் கையில் அந்த ரகசியம் இருந்திருக்க வேண்டும். எனவே ஒரு காலவரிசை போடுங்கள். 1833-இல் நினைவுச் சின்னத்துக்கான சங்கம் தொடங்கியது. ராபர்ட் மில்ஸின் வடிவமைப்பில் தூண் 600 அடி. அடியில் அதைச் சுற்றி வட்டமான தூண் மண்டபம். 1848 ஜூலை 4 அடிக்கல். 1854-இல் வேலை நின்றது. 1879-இல் ராணுவப் பொறியாளர் கேசியின் கையில் மறுபடி தொடங்கியது. அப்போது இத்தாலியில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், எகிப்தின் பழைய ஊசித்தூண்களை ஆராய்ந்து, உயரம் அடிப்பக்கத்தைப் போல பத்து மடங்கு இருக்க வேண்டும் என்று எழுதினார். அடிப்பக்கம் ஏற்கெனவே 55 அடியில் கட்டி நின்றது; அதனால் உயரம் 550 அடியை ஒட்டி வந்தது. 1884 டிசம்பர் 6-இல் உச்சிக்கல் ஏறியது. 555 என்பது ஆரம்பத்தில் யாருடைய திட்டத்திலும் இல்லாத எண். 600 அடி மண்டபக் கனவு கைவிடப்பட்டு, எகிப்தியக் கணக்கு புகுந்த பிறகு வந்தது.

புகைப்படத்தில் சுமார் 150 அடி உயரத்தில் பளிங்கின் நிறம் மாறும் கோடு பளிச்சென்று தெரியும். “மறைபொருள்” தேடுபவர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. அதுவோ சதிக் கதை ஒன்று அந்தத் தூணில் நிஜமாகவே விட்டுப்போன தடம். 1854 மார்ச்சில், போப் ஒன்பதாம் பியஸ் அனுப்பிய ரோமானியக் கல்லை ஒரு கும்பல் இரவில் திருடிச் சென்றது. கத்தோலிக்கர்கள் அமெரிக்காவைப் பிடிக்கச் சதி செய்கிறார்கள் என்று நம்பிய ‘நோ-நத்திங்’ இயக்கத்தினர் மீதுதான் பழி விழுந்தது. பிறகு அவர்கள் சங்கத்தின் நிர்வாகத்தையே கைப்பற்றினார்கள். நாடாளுமன்றம் தருவதாக இருந்த 2,00,000 டாலர் நின்றுபோனது, நன்கொடையும் வற்றியது. அவர்கள் ஏற்றிய சில வரிசைக் கற்கள் தரமில்லாதவை. பின்னால் கேசி அவற்றைப் பிடுங்கி எறிந்தார். உள்நாட்டுப் போரும் முடிந்து, கால் நூற்றாண்டு கழித்து வேறு சுரங்கத்துப் பளிங்கு வந்தபோது நிறம் ஒட்டவில்லை.

உண்மையான பகுதியை மறுக்காதீர்கள்

மறுப்பு எழுதுபவர்கள் செய்யும் பெரிய தவறு, “ஃப்ரீமேசன்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை” என்பது. சம்பந்தம் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் 1752-இல் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் லாட்ஜில் (மேசன்கள் தங்கள் கிளையை லாட்ஜ் என்பார்கள்) சேர்ந்த மேசன். 1848 அடிக்கல் விழாவை நடத்தியவர் வாஷிங்டன் நகர மேசன் அமைப்பின் தலைவர் பெஞ்சமின் ஃப்ரெஞ்ச். 1793-இல் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது வாஷிங்டன் பயன்படுத்திய கொத்தனார் கரண்டியை அன்று வெளியே எடுத்தார்கள். எல்லாம் பட்டப்பகலில், பெருங்கூட்டத்தின் முன்னால், செய்தித்தாள்கள் எழுத நடந்தது. அந்தக் காலத்து அமெரிக்காவில் பொதுக் கட்டடங்களுக்கு மேசன்களை அழைத்து அடிக்கல் வைப்பது வழக்கம்; 1825-இல் பாஸ்டன் அருகே பங்கர் ஹில் தூணுக்கும் அப்படித்தான். அதுவும் ஊசித்தூண்தான். எகிப்திய வடிவம் அன்றைய கட்டடக் கலையின் மோகம், கல்லறைத் தோட்டங்கள் வரை பரவியிருந்தது.

தூணின் உட்சுவரில் மேசன் லாட்ஜுகள் தந்த கற்களும் இருக்கின்றன. கூடவே மதுவிலக்குச் சங்கங்கள், தீயணைப்புப் படைகள், செரோக்கி மக்கள், ஜப்பானின் ஷிமோடா, சயாம் தந்தவையும். மொத்தம் 190-க்கு மேல். காணொளியில் மேசன் கல் மட்டும் வந்தால் பக்கத்துக் கல்லின் படத்தையும் தேடி எடுங்கள். உச்சியில் “ரகசிய லத்தீன்” என்பார்கள்: 100 அவுன்ஸ் அலுமினிய முனையின் கிழக்கு முகத்தில் உள்ள ‘லவுஸ் தேயோ’, ‘இறைவனுக்குப் புகழ்’ என்ற வாசகம். அந்த முனையைத் தூணில் ஏற்றுமுன் நியூயார்க்கில் கடையில் காட்சிக்கு வைத்தார்கள். அது இடிதாங்கியின் நுனி.

மேற்கோள் வந்தால்

இப்படிப்பட்ட கதைகளில் அமெரிக்க மேசன் தலைவர் ஆல்பர்ட் பைக் “லூசிஃபர்தான் கடவுள்” (லூசிஃபர் என்பது சாத்தானின் இன்னொரு பெயர்) என்று 1889 ஜூலை 14-இல் சொன்னதாக ஒரு பத்தி கட்டாயம் வரும். மேற்கோளின் ஒரு நீண்ட வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, பழைய புத்தகத் தேடலில் தேதியைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போங்கள். நீங்கள் போய்ச் சேரும் இடம் பைக்கின் எழுத்து அல்ல, 1890-களின் பிரான்ஸ். லியோ டாக்சில் என்ற எழுத்தாளர் 1885 முதல் மேசன்களின் சாத்தான் வழிபாடு பற்றி அடுக்கடுக்காகக் கதை எழுதி விற்றார். டயானா வான் என்ற கற்பனைப் பெண்ணையும் சாட்சியாகப் படைத்தார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் போட்டு, எல்லாம் தன் புரளி என்று அவரே சொன்னார். பைக் 1891-இலேயே இறந்துவிட்டார். ஒரு மேற்கோள் பேசியவரின் சொந்த நூலில் இல்லாமல் எதிராளியின் நூலில்தான் முதலில் தோன்றுகிறது என்றால் அதைத் தாளில் அடித்துவிடுங்கள்.

பதில் அனுப்பும்போது

இருபது திருத்தங்களை மொத்தமாக அனுப்பாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பிய ஃபார்வர்டு என்றால், அவரை எல்லார் முன்னாலும் திருத்துவதைவிடத் தனியாக அனுப்புவது நல்லது. அவரே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கை மட்டும் கொடுங்கள்: 55 அடி 1½ அங்குலம், எத்தனை அங்குலம்? வரைபடத்தில் நாட்டமுள்ளவர் என்றால் ரோட் ஐலண்ட் அவென்யூ முடியும் இடத்தின் இணைப்பு. உண்மையான பகுதியை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்: “ஆமாம், அடிக்கல் வைத்தது மேசன்கள்தான்.” அதைச் சொன்ன பிறகே அடுத்த வரியைப் படிப்பார்.

அடியில் தள்ளி வைத்த அர்த்தக் கூற்றுகளை இப்போது எடுங்கள். ஒவ்வொன்றும் மேலே எந்த வரியை நம்பி நின்றது என்று கோடு போட்டு இணையுங்கள். அடிபட்ட வரியை நம்பி நின்றதையும் அடித்துவிடுங்கள். எதையும் நம்பி நிற்காமல் “ஊசித்தூண் என்றாலே தீமை” என்று தனியாக நிற்பது ஒன்றிரண்டு மிஞ்சும். அதற்கு எதிரே ‘சோதிக்க முடியாது’ என்று எழுதி, பதிலில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.